வாசகர் கேள்வி பதில்: வெளிச்சத்த வைச்சு என்ன இருக்கெண்டு கண்டுபிடிக்கிறது எப்பிடி?

போன இதழில கிணத்துத் தண்ணி பற்றி எழுதேக்க, ஆய்வுகூடத்தில நடக்கிற கன சோதனைகள் வெளிச்சத்த வைச்சுத்தான் நடக்குது எண்டு ஒரு வரி எழுதியிருந்தன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதமும் வட்ஸ்அப்பும் கூட வந்திருக்கு, நிலாவெளியில இருந்து மூதூர் வரைக்கும் எழுதியிருக்கிறீங்கள், சந்தோசம். சில கேள்விகளச் சுருக்கியிருக்கிறன், ஒரே விசயத்த ரெண்டு மூண்டு பேர் கேட்டிருந்தா ஒண்டாச் சேத்திருக்கிறன். முதலே ஒண்டு சொல்லி வைக்கிறன், கீழ வாற பதில்களில இதுதான் திரும்பத் திரும்ப வரும்: "இதுக்குள்ள என்ன இருக்கு" எண்டு பொதுவாக் கேட்டா உருப்படியான பதில் கிடைக்கிறது கஷ்டம், "இதுக்குள்ள இன்னது எவ்வளவு இருக்கு" எண்டு கேட்டாத்தான் கிடைக்கும், அந்த இன்னது எதெண்டதப் பொறுத்துத்தான் எந்த வெளிச்சத்தப் பாவிக்கிறது எண்டு முடிவெடுக்கிறது.

கேள்வி: கறி கொதிச்சு அடுப்பில வழிஞ்சா நீலமா எரியிற காஸ் உடன மஞ்சளாகுது, உப்புத்தான் காரணம் எண்டு அம்மா சொல்லுறா. எங்கட புத்தகத்தில வாற சுவாலைச் சோதனை இதுதானா? நிறத்த வைச்சே மூலகத்தச் சொல்லலாம் எண்டா பிறகு ஏன் லட்சக்கணக்கில மெசின் வாங்கினம்?
உயர்தர மாணவி, உப்புவெளி

பதில்: அம்மா சொன்னது சரி தங்கச்சி, அதேதான் சுவாலைச் சோதனை. உப்பில இருக்கிற சோடியம் சூட்டில சக்திய எடுக்குது, இலத்திரன் மேல் மட்டத்துக்குப் போகுது, திரும்பி இறங்கேக்க அந்தச் சக்திய வெளிச்சமா விடுது. அது ஏதோ ஒரு மஞ்சள் இல்ல, 589.0, 589.6 நனோமீற்றர் எண்ட ரெண்டு அலைநீளம். ஒவ்வொரு மூலகத்துக்கும் இலத்திரன் மட்டங்கள் வேற வேற இடைவெளியில இருக்கிறதால வாற அலைநீளமும் வேற, ஒண்டின்ட கோடுகள் முழுக்க இன்னொண்டுக்கு அப்பிடியே வராது.

உங்கட ரெண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. கண்ணுக்கு மஞ்சள் எண்டா மஞ்சள்தான், 589க்கும் 587க்கும் வித்தியாசம் தெரியாது. இன்னொரு கரைச்சல், சோடியம் இல்லாத இடமில்ல, விரல் பட்டாலே ஒட்டிரும், கொஞ்சம் கலந்திருந்தாலே பொற்றாசியத்தின்ட மெல்லிய ஊதாவ அப்பிடியே மூடிரும், அதாலதான் லாபில கோபோல்ற்று நீலக் கண்ணாடிக்குள்ளால பாக்கச் சொல்லித் தாறவை. 1859, 1860ல ஜேர்மனியில ஹைடல்பேர்க்கில பன்சன், கேர்ச்சோ எண்ட ரெண்டு விஞ்ஞானிகள் செய்த வேலை என்னெண்டா சுவாலைக்கும் கண்ணுக்கும் நடுவில ஒரு அரியத்த வைச்சதுதான், கலந்து வந்த நிறம் கோடு கோடாப் பிரிஞ்சு நிண்டது. அத வைச்சு டூர்க்கைம் எண்ட ஊரில நிலத்துக்கடியில இருந்து வாற ஊற்றுத் தண்ணியப் பாக்கேக்க, தெரிஞ்ச எந்த மூலகத்துக்கும் சேராத ரெண்டு நீலக் கோடு தெரிஞ்சது. அதுதான் சீசியம். கையில எடுக்கிற அளவுக்கு அதின்ட உப்பு வேணுமெண்டு 44,000 லீற்றர் தண்ணியக் காய்ச்சினவை, ஆனா அது இருக்கெண்டு சொல்ல சில துளி போதுமா இருந்தது. எங்கட கன்னியாவில வெந்நீர்க் கிணறு ஏழையும் பாக்கேக்க எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். அடுத்த வருசமே ஒரு கல்லில இருந்து ரெண்டு சிவப்புக் கோட்டோட ருபிடியம் வந்தது.

இன்னொண்டும் சொல்ல வேணும். 1868 ஓகஸ்ட் 18ல முழுச் சூரிய கிரகணம், ஆந்திராவில குண்டூரில நிண்டு ஜான்சன் எண்ட பிரெஞ்சுக்காரர் சூரியன்ட விளிம்பில இருந்து வந்த வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்தார். அந்த வருசமே இங்கிலாந்தில லொக்கியரும் பாத்தார், சூரிய விளிம்பின்ட வெளிச்சத்தில சோடியக் கோட்டுக்குப் பக்கத்தில, ஆனா அதோட பொருந்தாம 587.6 நனோமீற்றரில ஒரு மஞ்சள் கோடு நிண்டது. பூமியில இல்லாத ஏதோ மூலகம் எண்டு லொக்கியர் சொன்னத கனபேர் நம்பேல்ல. 1895ல ராம்சே அதே கோட்ட ஒரு யுரேனியக் கனியத்தில இருந்து வந்த வாயுவில கண்டுபிடிச்சார், ஹீலியம். வெறும் ஒண்டரை நனோமீற்றர் வித்தியாசத்த நம்பினதால கிடைச்ச மூலகம் தங்கச்சி அது. மெசினுக்குக் குடுக்கிற காசு இந்த வித்தியாசத்தப் பாக்கிறதுக்குத்தான்.

கேள்வி: எங்கட கிணத்துத் தண்ணி அள்ளேக்க தெளிவா இருக்கு, வாளியில கொஞ்ச நேரம் வைச்சா பழுப்பாகுது. சுத்திவர வயல், பசளையும் மருந்தும் அடிக்கிறம். ஒரு போத்தலில கொண்டுபோய்க் குடுத்தா எல்லாத்தையும் ஒரே மெசினில போட்டுச் சொல்லுவினமா?
விவசாயி, தம்பலகாமம்

பதில்: ஏலாது ஐயா, அதத்தான் விளங்கப்படுத்தப் பாக்கிறன், கொஞ்சம் நீளும்.

முதல் அந்தப் பழுப்ப எடுப்பம். நீங்கள் சொல்லுறத வைச்சுப் பாத்தா இரும்பு போலத்தான் கிடக்கு. நிலத்துக்கடியில காத்துப் படாம இருக்கேக்க இரும்பு கரைஞ்சு நிக்கும், நிறம் தெரியாது, வெளிய வந்து ஒட்சிசன் பட்டதும் ஒட்சியேறி துரு நிறத்தில படிஞ்சிரும். இத லாபில எப்பிடிப் பாக்கிறவை எண்டா, தண்ணிக்குக் கொஞ்சம் அமிலம் விட்டு, துருவான இரும்பத் திரும்பக் கரையிற வடிவத்துக்கு மாத்துறதுக்கு ஐதரொட்சிலமீன் எண்ட மருந்து சேத்து, பிறகு பினாந்திரோலின் விட்டு பத்துப் பதினைஞ்சு நிமிசம் வைக்கிறது. இரும்பிருந்தா ஒரேஞ்சும் சிவப்பும் கலந்த நிறமொண்டு வரும். அந்தக் கரைசல ஒரு சென்ரிமீற்றர் அகலமான சின்னக் கண்ணாடிப் பெட்டியில ஊத்தி, விரல் அடையாளம் இல்லாமத் துடைச்சு, 510 நனோமீற்றர் வெளிச்சத்த ஒரு பக்கத்தால விட்டு மற்றப் பக்கத்தால எவ்வளவு வருதெண்டு பாக்கிறது. தேத்தண்ணிக்குச் சாயம் கூடக் கூட கிளாசுக்கு அந்தப் பக்கம் தெரியாமப் போகுதெல்லோ, அதே கணக்குத்தான், இதுக்குப் பேர் பீர்–லாம்பேட் விதி, உறிஞ்சினது செறிவுக்கும் வெளிச்சம் போன தூரத்துக்கும் நேர்விகிதம். ஆனா உறிஞ்சினது இவ்வளவு எண்டு மெசின் சொன்னா அது எத்தின மில்லிகிராம் எண்டு யார் சொல்லுறது? அதுக்கு முதலே, அளவு தெரிஞ்ச இரும்புக் கரைசல்கள் நாலைஞ்ச இதே மாதிரிச் செய்து ஒரு நேர்கோடு கீறி வைச்சிருக்க வேணும், உங்கட தண்ணியின்ட எண்ணிக்கைய அந்தக் கோட்டில வைச்சுத்தான் வாசிக்கிறது. அந்தக் கோடு பிழையா இருந்தா எவ்வளவு விலையான மெசினாலயும் பிரயோசனமில்ல. இத நான் அழுத்திச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு, ஆக்கள் மெசின்ட பேரக் கேக்கினம், கோடு எப்ப போட்டது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல.

பசளையால வாற நைத்திரேற்றுக்கு வேற வெளிச்சம். அது கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தில ஒண்டையும் உறிஞ்சாது, 220 நனோமீற்றரில, கழியூதாவில உறிஞ்சும். பிரச்சினை என்னெண்டா இலை குழை அழுகி வாற சேதனப் பொருளும் அதே இடத்தில உறிஞ்சும், அதால 275லயும் ஒருக்கா வாசிச்சு அதின்ட ரெண்டு மடங்கக் கழிக்கிறவை, நைத்திரேற்று 275ல உறிஞ்சாது எண்டபடியால. உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று, போத்தில் பால் குடிக்கிற கைக்குழந்தை வீட்டில இருந்தா இதக் கட்டாயம் பாருங்கோ. உலர் வலயத்துக் கிணறெண்டா புளோரைட்டும் பாக்க வேணும். அதுக்கு இன்னொரு வழி, சிவப்பு நிறச் சாயமொண்டு முதலே போட்டிருக்கும், புளோரைட்டு வந்து அந்தச் சாயத்தக் கலைச்சுவிடும், இங்க நிறம் குறையக் குறையத்தான் அளவு கூட.

ஈயம், கட்மியம், ஆசனிக்கு மாதிரி உலோகங்கள் லீற்றருக்கு மைக்ரோகிராம் கணக்கில வாறது, ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின்ட அளவு 10 மைக்ரோகிராம். இதுக்கு அணு உறிஞ்சல் மெசின் வேணும். எந்த உலோகத்தத் தேடுறமோ அதே உலோகத்தால செய்த லாம்பு ஒண்டு அதுக்குள்ள இருக்கும், ஈயத்துக்கு ஈய லாம்பு, கட்மியத்துக்குக் கட்மிய லாம்பு. தண்ணிய சுவாலைக்குள்ளயோ சூடாக்கின காபன் குழாய்க்குள்ளயோ விட்டு அணு அணுவாப் பிரிச்சா, ஈய அணு ஈய லாம்பின்ட வெளிச்சத்தத்தான் உறிஞ்சும். இத நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவுஸ்திரேலியாவில அலன் வோல்ஷ், 1955ல. ஒரே தரத்தில கன உலோகம் பாக்க வேணுமெண்டா ஐசிபி எண்டு ஆகன் வாயுவ ஆயிரக்கணக்கான பாகை சூட்டில பிளாஸ்மாவாக்கிற மெசின் இருக்கு, ஆனா அதுவும் நீங்கள் அடிக்கிற பூச்சி மருந்தச் சொல்லாது. மருந்துக்கு மூலக்கூறுகளப் பிரிச்சு நிறை பாக்கிற மெசின் வேணும், அதுக்கும் என்ன மருந்து அடிச்சனீங்கள் எண்டு போத்தில் லேபலப் பாத்துப் பேரச் சொன்னா வேலை சுகம். கிருமிக்கு இது ஒண்டும் சரிவராது, அத வளத்துத்தான் பாக்கிறது.

அதோட, போத்தல். உலோகம் பாக்கிற தண்ணிக்கு எடுத்த உடன கொஞ்சம் நைத்திரிக் அமிலம் விட வேணும், இல்லாட்டி உலோகம் போத்தல் சுவரில ஒட்டிரும், லாபுக்குப் போறது குறைஞ்ச தண்ணி. நைத்திரேற்றுக்கு அந்த அமிலத்த விட்டீங்களெண்டா அமிலத்திலயே நைத்திரேற்று இருக்கு, முடிஞ்சுது கதை. அதுக்கு ஐஸ் பெட்டியில வைச்சு அண்டைக்கே கொண்டு போகோணும். அதால பழைய சோடாப் போத்தலில எடுத்துக்கொண்டு போகாதீங்கோ, முதல் நீர் வழங்கல் சபை ஆய்வுகூடத்திலயோ நீங்கள் குடுக்கிற லாபிலயோ கதைச்சு அவை தாற போத்தல்கள வாங்குங்கோ. ரிப்போர்ட்டில "கண்டறியப்படவில்லை" எண்டு வந்தா அது பூச்சியம் எண்டு அர்த்தமில்ல, அந்த மெசின் ஆகக் குறைய எவ்வளவு காணும் எண்டு பக்கத்தில போட்டிருக்கா எண்டு பாருங்கோ. ஈயம் 50 மைக்ரோகிராமுக்குக் கீழ காணாத மெசினில "கண்டறியப்படவில்லை" எண்டு எழுதித் தந்தா உங்களுக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல.

கேள்வி: கொரோனா நேரம் விரலில கொழுவின கிளிப்பும் இந்த வகையோ?
ஓய்வுபெற்ற தாதி, ஓர்ஸ் ஹில்

பதில்: ஓம் அக்கா, சுத்தமா இதே வகை. 660 நனோமீற்றர் சிவப்பும் 940 நனோமீற்றர் செங்கீழ்க் கதிரும் மாறி மாறி விரலுக்குள்ளால போகுது. ஒட்சிசன் ஏறின இரத்தமும் ஏறாத இரத்தமும் இந்த ரெண்டையும் வேற வேற அளவில உறிஞ்சும், நாடித்துடிப்போட கூடிக் குறையிற பகுதிய மட்டும் எடுத்து ரெண்டின்ட விகிதத்தில இருந்து சதவீதம் வருது. கடும் நிற நெயில் பொலிஷ் இருந்தாலோ கை விறைச்சுக் குளிந்திருந்தாலோ பிழையாக் காட்டும். காபன் மொனொட்சைட்டு ஏறின இரத்தத்த ஒட்சிசன் ஏறினது எண்டே எடுத்து நல்ல நம்பர் காட்டும், பூட்டின அறைக்குள்ள ஜெனரேற்றர் புகையில மயங்கின ஆளுக்கு இந்தக் கிளிப்ப நம்பக்கூடாது.

கேள்வி: தேங்காயெண்ணெயில பாம் எண்ணெய் கலக்கிறதாச் சொல்லினம், 2021ல நஞ்சு இருந்ததெண்டும் செய்தி வந்தது. ஃபிரிட்ஜில வைச்சு உறைஞ்சா சுத்தம் எண்டு ஒரு வீடியோ பாத்தன், சரியோ?
குடும்பத் தலைவி, பாலையூற்று

பதில்: அக்கா, நீங்கள் கேட்டது ரெண்டு கேள்வி, ரெண்டுக்கும் ரெண்டு பதில். கலப்படம் வேற, 2021 மார்ச்சில இறக்குமதி எண்ணெயில பிரச்சினையான அஃப்ளாடொக்சின் வேற.

கலப்படத்துக்கு செங்கீழ்க் கதிர் நல்லது. மூலக்கூறில இருக்கிற ஒவ்வொரு பிணைப்பும் தனக்கெண்டு ஒரு வேகத்தில அதிரும், அந்த வேகத்துக்குப் பொருந்தின செங்கீழ்க் கதிர உறிஞ்சும். தேங்காயெண்ணெய் பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பு, அதில பாதியளவு லோரிக் அமிலம். இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு, அதால செங்கீழ் நிறமாலையில 3005 எண்ட இடத்தில (ஒரு சென்ரிமீற்றருக்குள்ள எத்தின அலை எண்ட கணக்கு இது) வாற மேடு தேங்காயெண்ணெயில கிட்டத்தட்ட இல்ல. பாம் எண்ணெயில ஒலிக் அமிலம் நிறைய, அங்க மேடு தெளிவா நிக்கும். ஒரு சொட்டு எண்ணெய மெசின்ட கண்ணில விட்டு சில நிமிசத்தில பாத்திரலாம், சுடவோ கரைக்கவோ தேவையில்ல. எவ்வளவு கலந்தது எண்டு சொல்லத்தான் முதல் சொன்ன மாதிரி அளவு தெரிஞ்ச கலவைகள வைச்சுக் கோடு போட வேணும், சின்ன வீதம் கலந்தா இதால பிடிக்கிறதும் கஷ்டம், கொழுப்பமிலங்களத் தனித்தனியாப் பிரிச்சுப் பாக்கத்தான் வேணும்.

அஃப்ளாடொக்சின் எண்டது கொப்பரா நல்லாக் காயாம பங்கசு பிடிச்சா வாற நஞ்சு, ஈரலுக்குக் கூடாது, புற்றுநோய் வரப்பண்ணும். அது எண்ணெயில பில்லியனில சில பங்கு அளவில இருந்தாலே பிரச்சினை, செங்கீழ்க் கதிருக்கு அது தெரியவே தெரியாது. ஆனா இதுக்கு ஒரு குணம் இருக்கு, 365 நனோமீற்றர் கழியூதா (யூவி) பட்டா பீ வகை நீலமாயும் ஜீ வகை பச்சையாயும் ஒளிரும். எண்ணெயில இருந்து அத மட்டும் பிரிச்செடுத்து, குழாயொண்டுக்குள்ளால அனுப்பி, வெளிய வரேக்க அந்த ஒளிர்வ அளக்கிறது. இருட்டில ஒரு சின்ன வெளிச்சத்தக் காணுறது சுகம், நல்ல வெளிச்சத்தில கொஞ்சம் குறைஞ்சதக் காணுறது கஷ்டம், அதாலதான் ஒளிர்வு முறை இவ்வளவு நுணுக்கமாப் பிடிக்குது.

ஃபிரிட்ஜ் கதைய விடுங்கோ. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கிட்ட உறையும் எண்டது உண்மை, ஆனா ஃபிரிட்ஜ் குளிரில பாம் எண்ணெயும் கலங்கி உறையப் பாக்கும், கலந்ததும் உறையும். அஃப்ளாடொக்சின் இருந்தா அதில ஒரு மாற்றமும் தெரியாது. வீட்டில செய்யக்கூடிய நல்ல வேலை, கறுப்புப் பூஞ்சணம் பிடிச்ச கொப்பராவ ஆலைக்குக் குடுக்காம எறியிறது.

கேள்வி: கல்யாணத்துக்குப் போட்ட சங்கிலிய மாத்தப் போன கடையில மெசினில வைச்சு 19 கரட் எண்டவை, பழைய பில்லில 22. யார நம்புறது? அந்தக் கதிரால நகைக்கு ஏதும் ஆகுமோ?
வாசகி, நிலாவெளி

பதில்: நகைக்கு ஒண்டும் ஆகாது, மெசின நிப்பாட்டின உடன கதிரும் நிண்டிரும், நகையில ஒண்டும் தங்காது. அந்த மெசின் எக்ஸ் கதிர அடிச்சு அணுவின்ட உள் இலத்திரனத் தட்டிவிடுது, வெற்றிடத்துக்கு வெளியில இருந்து இன்னொரு இலத்திரன் விழேக்க அந்த மூலகத்துக்கே உரிய எக்ஸ் கதிர் வரும். தங்கத்துக்கு 9.7, 11.4, செம்புக்கு 8.0, வெள்ளிக்கு 22.1 கிலோ இலத்திரன்வோல்ட், அது கதிரின்ட சக்திய அளக்கிற அலகு. எத எவ்வளவு எண்டு பாத்து கரட் கணக்குப் போடுது, 22 கரட் எண்டா 91.6 வீதம், 19 எண்டா 79 வீதம்.

ஆனா அக்கா, தங்கம் பாரமான உலோகம், திரும்பி வாற கதிர் மேல் தோலில இருந்துதான் வரும், ஒரு மில்லிமீற்றரின்ட நூறில ஒரு பங்குக்குக் கிட்டத்தான் அதுக்குத் தெரியும். தடிச்சுப் பூசின கவரிங் நகை நல்ல தங்கமாக் காட்டுறதும் இதாலதான். உங்கட சங்கிலியில பொடி வைச்சு ஊதின, அதாவது பற்றவைச்ச இணைப்பில மெசின்ட கண் பட்டிருந்தா கரட் குறைஞ்சுதான் காட்டும், பொடியில தங்கம் குறைவு. கேடிஎம் நகையெண்டா, அதாவது கட்மியம் கலந்த பொடியால பற்றவைச்சதெண்டா, அந்த இடத்தில கட்மியமும் வரும். வேர்வை, சோப், மஞ்சள் ஒட்டியிருந்தாலும் பிசகும். அதால கழுவித் துடைச்சு, கொக்கிக்கும் இணைப்புக்கும் தூரமா மூண்டு நாலு இடத்தில வைச்சுக் காட்டச் சொல்லுங்கோ, திரையில மூலகங்கள் எல்லாத்தையும் பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு, கரட்ட மட்டும் சொன்னா விடாதீங்கோ. இடத்துக்கிடம் மாறினா இணைப்புப் பிரச்சினை, எல்லா இடத்திலயும் 79 எண்டா மெசின் சரி, பில்தான் பிழை. இன்னும் சண்டை எண்டா கடைசித் தீர்ப்பு கொஞ்சம் வெட்டியெடுத்து உருக்கிப் பாக்கிறதுதான்.

கேள்வி: எங்கட கடல் ஏன் நீலம்? வானத்தின்ட நிறம் எண்டு ஒரு சேர், இல்ல எண்டு இன்னொரு சேர்.
எட்டாம் ஆண்டு மாணவன், கிண்ணியா

பதில்: தம்பி, வானமும் கொஞ்சம் சேருது, ஆனா தண்ணிக்கே நிறம் இருக்கு. தண்ணி மூலக்கூறில ஐதரசனும் ஒட்சிசனும் அதிர்ற அதிர்வு செங்கீழ்ப் பக்கம்தான் பலமா உறிஞ்சும், அதின்ட மெல்லிய வால் ஒண்டு சிவப்பு வெளிச்சம் வரைக்கும் நீளுது. கிளாஸில தெரியாது, பல மீற்றர் ஆழம் போனாத்தான் தெரியும். புறாத்தீவில சுழியோடுற அண்ணாமாரக் கேளுங்கோ, ஆழத்தில சிவப்பு உடுப்பே மண்ணிறமாத் தெரியும் எண்டு சொல்லுவினம், அங்க போய்ச் சேர சிவப்பு வெளிச்சம் மிச்சமில்ல.

இந்தக் கேள்வியக் கேட்டுத்தான் திருச்சிராப்பள்ளியில பிறந்த சி.வி. ராமன் பெரிய ஆளானார். 1921ல கப்பலில வரேக்க மத்தியதரைக் கடலின்ட நீலத்தப் பாத்து, வானம் தெறிக்கிறது மட்டும் காரணமில்ல எண்டு கப்பலிலயே சோதிச்சார். தண்ணி வெளிச்சத்த எப்பிடிச் சிதறடிக்குது எண்டு தொடர்ந்து பாத்து, 1928 பெப்ரவரி 28ல கல்கத்தாவில கண்டுபிடிச்சதுதான் ராமன் விளைவு, 1930ல நோபல் பரிசு. ஒரு நிறத்த அடிச்சா சிதறுற வெளிச்சத்தில கோடியில ஒண்டு அளவுக்கு நிறம் மாறி வரும், அந்த மாற்றம் மூலக்கூறு எப்பிடி அதிருது எண்டதச் சொல்லும். இண்டைக்குக் கையில பிடிக்கிற ராமன் மெசின் இருக்கு, பொலித்தீன் பக்கெட்டத் திறக்காமலே உள்ள இருக்கிற தூள் என்னெண்டு சுங்க அதிகாரிமார் பாக்கிறது அதாலதான். தண்ணி ராமனில மெல்லமாத்தான் தெரியும், அதால கரைசலுக்குள்ள இருக்கிறதையும் பாக்கலாம், செங்கீழ் முறையில தண்ணி எல்லாத்தையும் மறைச்சிரும்.

கேள்வி: பெரிய மீனில இரசம் (பாதரசம்) இருக்காம், ஏற்றுமதிக்கு எடுக்கேல்ல எண்டு கதைக்கினம். மீன்ட உடம்புக்குள்ள இருக்கிற உலோகத்த எப்பிடிப் பாக்கிறது?
மீனவர் சங்க உறுப்பினர், சல்லி

பதில்: அண்ணை, இரசம் அறைச் சூட்டிலயே ஆவியாகிற உலோகம், அதுதான் லாப்காரருக்கு உதவி. மீன் சதையில அரைக் கிராமுக்குக் கிட்ட எடுத்து பலமான அமிலத்தில சூடாக்கிக் கரைக்கிறது, எல்லாம் தெளிஞ்ச தண்ணியாகிரும். அதுக்குள்ள வெள்ளீயக் குளோரைட்டு விட்டா கரைஞ்சிருந்த இரசம் திரும்ப உலோகமாகும், காத்த ஊதினா ஆவியா எழும்பும். அந்த ஆவிய நீட்டுக் குவாட்சுக் குழாய்க்குள்ளால விட்டு 253.7 நனோமீற்றர் வெளிச்சம் எவ்வளவு குறையுதெண்டு பாக்கிறது. சுவாலை தேவையில்ல. சூரை இனத்துக்கும் வாள்மீனுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் வைச்ச எல்லை கிலோவுக்கு 1 மில்லிகிராம். சின்ன மீனத் தின்னுற பெரிய மீனில கூடும், அதிலயும் வயசு போன பெரிய மீனில இன்னும் கூடும், நீங்கள் பிடிக்கிற சாளை, கீரியில இந்தக் கவலை குறைவு.

ஆனா உண்மையச் சொன்னா, சூரை, கெலவல்லா கொண்டு வாற ஆக்கள் இரசத்த விட ஹிஸ்டமினப் பற்றித்தான் கூடக் கவலைப்பட வேணும். மீன் ஐஸ் இல்லாம வெயிலில கிடந்தா பற்றீரியா அத உண்டாக்கும், தின்டா முகம் சிவந்து தலையிடிச்சுச் சத்தி வரும், சமைச்சாலும் போகாது, மணத்தில தெரியவும் மாட்டுது. இதையும் ஒளிரவைச்சுத்தான் அளக்கிறது, ஹிஸ்டமினோட சேந்து ஒளிர்ற ஒரு மருந்த விட்டு. இரசம் கடலில ஏறினது, அத நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாது. ஹிஸ்டமின் வள்ளத்தில ஏறுறது, தூக்கின உடன ஐஸ் போட்டா ஏறாது.

கேள்வி: புல்மோட்டைக் கறுப்பு மணலில கதிர்வீச்சு இருக்காம், எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?
வாசகர், புல்மோட்டை

பதில்: கறுப்பா இருக்கிறது பெரும்பாலும் இல்மனைற், இரும்பும் தைத்தேனியமும், அது கதிர் வீசுற சாமானில்ல. அதுக்குள்ள சின்னப் பங்கா மொனசைற் எண்டு மஞ்சளும் மண்ணிறமும் கலந்த மணி இருக்கு, தோரியம் எண்ட கதிர் வீசுற மூலகம் அதுக்குள்ளதான். தைத்தேனியத்த நகைக்கடை மெசின்ட பெரிய தம்பியால, எக்ஸ் கதிரால பாப்பினம். தோரியத்துக்கு நாங்கள் ஒண்டும் அடிக்கத் தேவையில்ல, அதுவே காமாக் கதிர விடுது. மணல ஒரு டப்பாவில அடைச்சு மூடி சில கிழமை வைச்சு, திரவ நைதரசனில குளிராக்கின ஜேர்மானியம் உணரிக்குப் பக்கத்தில மணித்தியாலக் கணக்கா வைச்சா 911, 2614 கிலோ இலத்திரன்வோல்டில கோடு எழும்பும், அது தோரியத் தொடர், தோரியமும் அது சிதைஞ்சு வாற மூலகங்களும். 1461 எண்டா அது பொற்றாசியம், எங்கட வாழைப்பழத்திலயும் இருக்கு. உங்கட வளவு மணலுக்கு ஆபத்தா இல்லையா எண்டு அளந்து பாத்துத்தான் சொல்லலாம், நிறத்தப் பாத்துச் சொல்ல ஏலாது.

எங்கட நாட்டுக்கும் இதுக்கும் பழைய தொடர்பு இருக்கு. இலங்கையின்ட கனிய ஆய்வுத் துறையின்ட முதல் பணிப்பாளரா இருந்த ஆனந்த குமாரசுவாமி, கலை பற்றி எழுதின அதே ஆள்தான், சபரகமுவவில இரத்தினக்கல் மண்ணுக்குள்ள பாரமான ஒரு கறுப்புக் கனியத்தக் கண்டெடுத்தார், 1904ல அது தோரியனைற் எண்டு பேர் பெற்றது. லண்டனில, முதல் சொன்ன அதே ராம்சேயின்ட லாபில, அடுத்த வருசம் ஒட்டோ ஹான் அதில இருந்து ரேடியோதோரியம் எண்ட, பலமாக் கதிர் வீசுற தோரிய வகையப் பிரிச்செடுத்தார்.

கேள்வி: எங்கட பாடசாலையில ஒரு மெசினும் இல்ல சேர். பிள்ளையளுக்கு நிறமாலைய எப்பிடிக் காட்டுறது?
விஞ்ஞான ஆசிரியை, மூதூர்

பதில்: ரீச்சர், பழைய சீடி ஒண்டு போதும். சீடியில தடங்கள் 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளியில இருக்கு, மில்லிமீற்றருக்கு 625 கோடு, வெளிச்சத்த நிறம் நிறமாப் பிரிக்கிற நல்ல கீற்றணி அது. மேல் படத்த செலோரேப் ஒட்டி இழுத்தா கழண்டு வரும், தெளிஞ்ச பிளாஸ்ரிக் துண்ட வெட்டி சப்பாத்துப் பெட்டியின்ட ஒரு முனையில ஒட்டுங்கோ. மற்ற முனையில ரெண்டு பிளேட் விளிம்ப முடியளவு இடைவெளி விட்டு ஒட்டுங்கோ, பிளேட் வேலைய நீங்களே செய்யுங்கோ. உள்ளுக்குக் கறுப்புக் கடதாசி. போன் கமெராவ சீடித் துண்டில வைச்சுக் கொஞ்சம் சரிச்சா நிறம் விழும்.

முதல் குண்டு பல்ப், எல்லா நிறமும் தொடர்ச்சியா வரும். பிறகு சுருள் சீஎஃப்எல் பல்ப், இதுதான் பிள்ளையளுக்குப் பிடிக்கும், 436ல நீலம், 546ல பச்சை, 611ல சிவப்பு தனித்தனிக் கோடா நிக்கும், நீலமும் பச்சையும் உள்ளுக்கிருக்கிற இரசத்தின்ட கோடு, சிவப்பு பூச்சில இருக்கிற யூரோப்பியத்தின்ட. எல்ஈடி எண்டா 450ல ஒரு நீல மேடும் பக்கத்தில அகலமான மஞ்சள் பச்சையும். கடைசியா ஸ்பிரிட் விளக்குச் சுவாலையில உப்புத் தண்ணி நனைச்ச கம்பிய வையுங்கோ, ஒரேயொரு மஞ்சள் கோடு வரும், 589, முதல் சொன்ன ரெண்டு கோடும் கிட்டக் கிட்ட இருக்கிறதால இதில ஒண்டாத்தான் தெரியும். சூரியன நேரா மட்டும் ஒருத்தரும் பாக்கக்கூடாது, வெள்ளைக் கடதாசியில பட்டுத் தெறிக்கிற வெயிலப் பாக்கலாம். சீஎஃப்எல்லின்ட ரெண்டு கோட்டுக்கு அலைநீளம் தெரியுமெண்டா, போட்டோவில ஸ்கேல் வைச்சு மற்றக் கோடுகளின்ட அலைநீளத்தப் பிள்ளையளே கணக்குப் போடலாம். எடுத்த படங்கள அனுப்புங்கோ, எந்தக் கோடு எதெண்டு அடுத்த இதழில பாப்பம்.